டிராக்டர் டிரெய்லர் விளக்கு எரியவில்லையா? பல்பு வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ராத்திரி லோடைத் தவிர்க்க முடியாது. ஆலையில் வரிசை எப்போது நகர்கிறதோ அப்போதுதான் வண்டியை எடுக்க வேண்டியிருக்கும். டிராக்டர் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும். பின்னால் பைக்கில் வருகிறவர் அறுபதில் வருவார். எதிரே ஒரு பஸ்ஸின் வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்கும்போது, முன்னால் இருட்டில் ஒரு டிரெய்லர் போவது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒன்றுதான் அவரைக் காப்பாற்றும்.

எங்கள் டிரெய்லரில் ஒரு சீசன் முழுக்க இந்தத் தொல்லை இருந்தது. எலக்ட்ரீசியன் பல்பு மாற்றினார், ஹோல்டர் மாற்றினார், ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மின்ன வைக்கும் சாதனம்) மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் பளிச்சென்று எரிந்த விளக்கு, ஊர் வந்து சேர்வதற்குள் அணைந்துவிடும். கடைசியில் பார்த்தால் காரணம் எர்த் ஒயர், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் ஒயர். அதைக் கண்டுபிடிக்கும் முறை தெரிந்திருந்தால் அரை மணி நேர வேலை. நீங்களும் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் திரும்பப் பல்புக் கடையில்தான் போய் நிற்பீர்கள்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

டெஸ்ட் லாம்ப் ஒன்று. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். இல்லையென்றால் 12 வோல்ட் 21 வாட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு நீள ஒயர், நுனியில் முதலைவாய் கிளிப் என்று நீங்களே செய்துகொள்ளலாம். நூறு ரூபாய்க்குள் முடியும்.

மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் முந்நூறிலிருந்து அறுநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆனால் மீட்டரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உள்ளே அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். அந்த ஒற்றை இழையால் 21 வாட் பல்பை எரிக்க முடியாது. டெஸ்ட் லாம்ப் கரண்டை உண்மையிலேயே இழுக்கும். ஒயர் உருப்படியா இல்லையா என்பதை அதன் வெளிச்சமே சொல்லிவிடும்.

இவற்றோடு ஒரு தனி 12 வோல்ட் பேட்டரி (பைக் பேட்டரி போதும்), 10 ஆம்ப் ஃபியூஸ் வைத்த ஒரு ஒயர், நான்கைந்து மீட்டர் நீளமுள்ள உபரி ஒயர், உப்புத்தாள், கம்பி பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர். பிரேக்கை மிதிக்க ஒரு ஆள். விலைகள் எங்கள் பக்கத்தில் சுமாராகக் கொடுத்தவை. கடைக்குக் கடை மாறும்.

2. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எரிவதையும் எரியாததையும் எழுதுங்கள்

சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டிப்பர் டிரெய்லராக இருந்தால் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, முட்டுக்கொடுக்காமல் அடியில் போகவே போகாதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பித் தலையைக் கொடுக்கக் கூடாது.

பிளக்கைச் செருகி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: பார்க்கிங், பிரேக், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு. பிரேக் பார்க்கும்போது இரண்டு பெடலையும் சேர்த்துக் கொண்டி மாட்டிக்கொள்ளுங்கள். உழவுக்காகக் கொண்டியை எடுத்துவிட்டு ஒரு பெடலை மட்டும் மிதித்தால், சுவிட்ச் எந்தப் பெடலில் இருக்கிறதோ அதைப் பொறுத்து முடிவு மாறலாம்.

"எரியவில்லை" என்று மட்டும் எழுதாமல் எப்படி எரியவில்லை என்று எழுதுங்கள். மங்கலாக எரிகிறதா? ஒரு பக்கம் மட்டுமா? பார்க்கிங் எரியும்போது பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் அணைகிறதா? இண்டிகேட்டர் போட்டால் எதிர்ப்பக்கமும் சேர்ந்து துடிக்கிறதா? நிற்கும்போது எரிந்து ஓடும்போது அணைகிறதா? பாதி வைத்தியம் இந்தக் குறிப்பிலேயே இருக்கிறது:

டிரெய்லர் முழுக்க எதுவும் எரியவில்லை என்றால் எர்த் அல்லது பிளக். ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, ஹோல்டர், அந்த ஒரு ஒயர். ஒன்றைப் போட்டால் வேறொன்று மின்னுகிறது, மங்குகிறது என்றால் பெரும்பாலும் எர்த். டிராக்டரிலும் சேர்ந்து எரியவில்லை என்றால் டிராக்டர் ஃபியூஸ் அல்லது சுவிட்ச். முதலில் அங்கே பாருங்கள்; ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் மட்டும் டிரெய்லருக்கு வாருங்கள்.

3. 7 பின் பிளக்கில் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

12 வோல்ட் வண்டிகளுக்குப் பரவலாக இருப்பது ஐ.எஸ்.ஓ. 1724 என்ற சர்வதேசத் தர முறை. பின்னுக்குப் பக்கத்திலேயே எண் அச்சாகியிருக்கும். துடைத்துவிட்டு டார்ச் அடித்தால் தெரியும்.

1 – இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர்
2 – கூடுதல் விளக்கு (வெளிநாட்டில் பின்பக்கப் பனி விளக்குக்கு; நம் வண்டிகளில் பெரும்பாலும் காலி), நீலம்
3 – எர்த், வெள்ளை
4 – வலது இண்டிகேட்டர், பச்சை
5 – வலது பார்க்கிங், பழுப்பு
6 – பிரேக், சிவப்பு
7 – இடது பார்க்கிங், கறுப்பு

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வீட்டு ஒயரிங் பழகியவர்களுக்குப் பச்சை என்றால் எர்த், கறுப்பு என்றால் நியூட்ரல். இங்கே பச்சை வலது இண்டிகேட்டர், கறுப்பு இடது பார்க்கிங். எர்த் வெள்ளை. வீட்டு ஒயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டு டிரெய்லர் பிளக் மாட்டச் சொன்னால் கறுப்பைக் கொண்டுபோய் எர்த்தில் போட்டுவிடுவார். பார்க்கிங் சுவிட்சைத் தட்டிய உடனே ஃபியூஸ் போகும்.

இன்னொன்று. டிரெய்லர் பட்டறைக்காரர்கள் கையில் இருக்கிற கலரில் ஒயரை இழுத்திருப்பார்கள். இரண்டே கலரில் ஏழு ஒயர் ஓடிய டிரெய்லரையும் பார்த்திருக்கிறேன். அதனால் கலரை நம்பாதீர்கள், பின் எண்ணை நம்புங்கள். டிராக்டர் கையேட்டில் சாக்கெட் படம் இருந்தால் அதை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கோளாறு டிராக்டரிலா டிரெய்லரிலா? இதை முதலில் பிரித்துவிடுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான். இதைச் செய்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

டிராக்டர் பக்கம்: பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டெஸ்ட் லாம்பின் ஒரு கிளிப்பை டிராக்டர் சாக்கெட்டின் 3-ஆம் பின்னில் வையுங்கள். வசதிக்காக டிராக்டர் பாடியில் வைக்கக் கூடாது. சாக்கெட்டின் எர்த்தையும் சேர்த்துச் சோதிப்பதற்காகத்தான் 3-ஆம் பின். இன்னொரு முனையை 7, 5, 6, 1, 4 என்று வரிசையாக வைத்து, அந்தந்த சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் லாம்ப் பளிச்சென்று எரிந்தால் டிராக்டர் சுத்தம். எதிலுமே எரியவில்லை என்றால் 3-ஐ விட்டுவிட்டு கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் போட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் சாக்கெட்டுக்கு வரும் எர்த் அறுந்திருக்கிறது.

டிரெய்லர் பக்கம்: தனி பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நெகட்டிவை டிரெய்லர் பிளக்கின் 3-ஆம் பின்னுக்குக் கொடுங்கள். ஃபியூஸ் வைத்த ஒயர் வழியாக பாசிட்டிவை ஒவ்வொரு பின்னிலும் தொடுங்கள். 6-இல் தொட்டால் இரண்டு பிரேக் லைட்டும் எரிய வேண்டும். 7-இல் இடது பார்க்கிங். 1-இல் இடது இண்டிகேட்டர் (மின்னாமல் தொடர்ந்து எரியும், அது சரிதான்). கரண்ட் அதிகம் இழுக்காது: 21 வாட் பல்பு ஒன்றுக்கு ஒன்றே முக்கால் ஆம்ப், இரண்டு பிரேக் லைட்டுக்கும் சேர்த்து மூன்றரை ஆம்ப். பைக் பேட்டரி தாங்கும்.

டிராக்டரின் சொந்த பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். டிராக்டர் பாடி, கொக்கி, டிரெய்லர் சேசிஸ் என்று எர்த் சுற்றி வந்துவிடும். பிளக்கின் எர்த் அறுந்திருந்தாலும் விளக்கு எரிந்து உங்களை ஏமாற்றும். தனி பேட்டரி என்று சொல்வது இதற்காகத்தான்.

5. எர்த்: இங்கே நேரம் செலவழியுங்கள்

பிளஸ் வழியாகப் போன கரண்ட் திரும்பி பேட்டரிக்கு வந்தாக வேண்டும். டிராக்டரில் இரும்பு பாடியே திரும்பும் வழி. டிரெய்லரில் அந்த வழி பிளக்கின் 3-ஆம் பின். அது அறுந்துபோனால் கொக்கி வழியாகத் திரும்பப் பார்க்கும். கொக்கியில் கிரீஸ் இருக்கும், துரு இருக்கும், இழுக்கும்போது ஒட்டும், பள்ளத்தில் இறங்கும்போது விலகும். பட்டறையில் எரிந்த விளக்கு ரோட்டில் அணைவதன் ரகசியம் இவ்வளவுதான்.

திரும்பும் வழி மோசமாக இருந்தால் கரண்ட் வேறு பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும். பின்பக்க விளக்கில் 21/5 வாட் பல்பு ஒன்றிலேயே இரண்டு இழை இருக்கிறது: 21 பிரேக்குக்கு, 5 பார்க்கிங்குக்கு. எர்த் இல்லாதபோது பிரேக்கின் கரண்ட் பார்க்கிங் இழை வழியாக நுழைந்து, மற்ற விளக்குகள் வழியாக எர்த்தைத் தேடிப் போகும். அதனால்தான் பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் மங்குகிறது; இண்டிகேட்டர் போட்டால் நம்பர் பிளேட் விளக்கு துடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டு "ஒயர் எல்லாம் மாறிப்போச்சு, முழுசா மாத்தணும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒயரை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பொறுங்கள்.

சோதனை சுலபம். விளக்கைப் போட்டுவிட்டு, உபரி ஒயரின் ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். மறுமுனையால் டிரெய்லர் விளக்கின் ஹோல்டர் உலோகத்தைத் தொடுங்கள். மங்கிய விளக்கு சட்டென்று பளிச்சிட்டால் எர்த்தான் கோளாறு என்பது உறுதி. பிறகு அதே ஒயரால் சேசிஸைத் தொடுங்கள், அடுத்து பிளக்கின் 3-ஆம் பின் திருகைத் தொடுங்கள். எந்த இடத்தில் தொட்டால் பளிச்சிடுகிறது, எந்த இடத்தில் தொட்டால் மாற்றமில்லை என்று பார்த்தால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அறுந்த இடம்.

மீட்டர் உள்ளவர்கள் பேட்டரி நெகட்டிவுக்கும் ஹோல்டர் உலோகத்துக்கும் நடுவில், பிரேக்கை மிதித்தபடியே அளந்து பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தை அப்படியே விடாதீர்கள்.

எங்கள் டிரெய்லரில் எர்த் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) சேசிஸில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு அடியில் பெயிண்ட் அப்படியே இருந்தது. அதாவது பெயிண்டின் மேல்தான் லக் உட்கார்ந்திருந்தது; போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் தொடர்பு. அந்த மரையும் துருப்பிடித்ததும் அதுவும் போய்விட்டது. ஒயரின் டேப்பைப் பிரித்தால், செம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்து, லக்கின் கழுத்தில் பச்சைப் பொடி பூத்து, விரலால் மடித்ததும் இழைகள் உதிர்ந்தன. எரு, யூரியா ஏற்றுகிற டிரெய்லர்களில் இந்தப் பச்சை சீக்கிரமே வந்துவிடும்.

சரிசெய்வது இப்படி: கறுத்த பகுதி முழுவதையும் வெட்டி எறியுங்கள், பளபளப்பான செம்பு வரும் வரை. இரும்பைப் பெயிண்ட் போக வெள்ளையாகத் தேயுங்கள். புதிய லக்கை கிரிம்ப் செய்து (ஒயரோடு நசுக்கி இறுக்கி), பல் வாஷர் போட்டு முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே பெயிண்டோ கிரீஸோ தடவுங்கள், முறுக்குவதற்கு முன் அல்ல. எர்த் ஒயர் மற்றவற்றைவிடத் தடிமனாக, 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். எல்லா விளக்கின் கரண்டும் அது வழியாகத்தான் திரும்புகிறது.

டிப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். விளக்கு தொட்டியில் மாட்டியிருந்து, எர்த் சேசிஸில் மட்டும் இருந்தால், நடுவில் இருப்பது கிரீஸ் அடித்த கீல். அதை எர்த்தாக நம்பக் கூடாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக எர்த் ஒயர் இழுத்து 3-ஆம் பின்னின் ஒயரோடு சேருங்கள். இதற்கு ஆகும் செலவு சில மீட்டர் ஒயர்தான்.

6. பிளக், சாக்கெட், நடு ஒயர்

எர்த் சரி, இன்னும் ஒரு விளக்கு வரவில்லை என்றால் பிளக்கைத் திறந்து பாருங்கள். திருகு தளர்ந்திருக்கும், ஒயர் நழுவியிருக்கும், பின் பச்சை பிடித்திருக்கும். உப்புத்தாளைச் சுருட்டித் தேயுங்கள். பின்னின் நடுவில் பிளவு இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாக விரித்துவிடுங்கள். சாக்கெட்டில் இறுக்கமாக உட்காரும். பிறகு வாசலின் மிக மெல்லிசாகத் தடவுங்கள். கிரீஸைக் குழைத்து அடைத்தால் மண்ணும் தூசியும் ஒட்டி மறுபடி அதே கதைதான். பிளாஸ்டிக் உருகியோ வெடித்தோ இருந்தால் செட்டாக மாற்றிவிடுங்கள். பிளக்கும் சாக்கெட்டும் சேர்த்து இருநூறிலிருந்து ஐந்நூறுக்குள் வரும்.

டிரெய்லரைக் கழற்றியதும் பிளக்கைத் தரையில் போடுவது எல்லா ஊரிலும் இருக்கிற பழக்கம். மழைத்தண்ணீர், சாணி, எறும்பு எல்லாம் உள்ளே போகும். டிரெய்லரின் முன்சட்டத்தில் ஒரு கொக்கி வைத்து, வாய் கீழே பார்க்கிற மாதிரித் தொங்கவிடுங்கள்.

ஒயரில் பார்க்க வேண்டிய இடங்கள்: கொக்கிப் பக்கம் முழு வளைவில் திரும்பும்போது இழுபடுகிறதா, நேராகப் போகும்போது தரையில் உரசுகிறதா, ஹைட்ராலிக் ஹோஸோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா, சேசிஸ் ஓட்டைக்குள் ரப்பர் வாஷர் இல்லாமல் நுழைகிறதா. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்துகிற டிரெய்லர் என்றால் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள். டேப் சுற்றிய ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டுக்குள் ஒரு மழைக்காலம் போனால் தண்ணீர் தங்கிவிடும்.

டிரெய்லரில் வெல்டிங் வேலை நடந்த பிறகுதான் கோளாறு வந்ததா? வெல்டிங்கின் எர்த் கேபிளைத் தூரத்தில் மாட்டினால் அந்தக் கரண்ட் உங்கள் விளக்கு எர்த் ஒயர் வழியாக ஓடி அதைக் கருக்கிவிடும். இனிமேல் வெல்டிங்குக்கு விடும்போது டிராக்டரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டே விடுங்கள். எர்த் கேபிளைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

7. பல்பும் ஹோல்டரும்

இப்போதுதான் பல்புக்கு வருகிறோம். கழற்றியதும் அடிப்பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். லாரி சாமான் கடையில் அவசரத்துக்கு வாங்கினால் 24 வோல்ட் பல்பைக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 12 வோல்ட் டிராக்டரில் அது சிவந்து மங்கலாக எரியும், பார்க்கிறவர் பேட்டரி வீக் என்று நினைப்பார். கடையிலேயே "12 வோல்ட்" என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்த பொறி: பார்க்கிங், பிரேக் இரண்டும் உள்ள ஹோல்டரின் அடியில் இரண்டு தொடுபுள்ளி இருக்கும். அதில் ஒற்றை இழை பல்பை அழுத்தித் திணித்தால் அதன் ஒரே புள்ளி இரண்டையும் இணைத்துவிடும். பார்க்கிங் போட்டால் பிரேக்கும் எரியும், பிரேக்கை மிதித்தால் டிராக்டரின் முன் பார்க்கிங் விளக்குகள்கூட எரியும். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு ஊசிகள் உயரம் மாறியிருக்கும், ஒரே மாதிரிதான் நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

ஹோல்டரின் ஸ்பிரிங் அமுங்கிப்போயிருந்தால் குலுங்கும்போது பல்பு விட்டுவிட்டு எரியும். லென்ஸின் ரப்பர் போயிருந்தால் தண்ணீர் நிற்கும். அடியில் வடிவதற்கு ஓட்டை இருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள்.

8. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். சிகரெட் அட்டைத்தாள், செம்புக் கம்பி எதையும் சுற்றாதீர்கள். ஃபியூஸ் போகாமல் இருந்தால் ஒயர் எரியும், அது டேங்குக்குப் பக்கத்தில் ஓடுகிற ஒயர்.

டிரெய்லர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். நின்றால் ஷார்ட் டிரெய்லரில். இனி ஃபியூஸை வீணாக்க வேண்டாம்: ஃபியூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லாம்பின் இரண்டு முனையையும் மாட்டி, பிளக்கைச் செருகுங்கள். ஷார்ட் இருக்கும் வரை லாம்ப் முழு வெளிச்சத்தில் எரியும். இப்போது டிரெய்லர் ஒயரை ஒவ்வொரு அடியாக அசைத்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு விளக்காகக் கழற்றுங்கள். லாம்ப் சட்டென்று மங்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். ஷார்ட் அங்கேதான்.

9. இண்டிகேட்டர் மட்டும் தகராறு

டிரெய்லர் இல்லாமல் சரியாக மின்னி, மாட்டியதும் மின்னாமல் நின்று எரிந்தால் ஃபிளாஷருக்கு வாட் தாங்கவில்லை. டிரெய்லர் பல்பையும் சேர்த்துத் தாங்கும் ஃபிளாஷரா என்று அதன் மேல் எழுதியிருக்கும்: இரண்டு 21 வாட், கூட ஒரு 21 வாட் என்ற கணக்கு. வேகமாக மின்னினால் ஏதோ ஒரு பல்பு எரியவில்லை, அல்லது எல்.இ.டி. மாட்டியிருக்கிறார்கள். எல்.இ.டி.க்கு அதற்கேற்ற எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும். எல்.இ.டி.யில் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறிவதற்கு முன் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் டிரெய்லருக்கு எல்.இ.டி. நல்லது. இழை இல்லை, குலுக்கலில் அறுவதில்லை. ஆனால் கெட்ட எர்த்தோடு எல்.இ.டி. மாட்டினால் கோளாறு தீராது. எர்த்தைச் சரிசெய்த பிறகு மாட்டுங்கள்.

10. மொத்தமாக ஒயரிங் மாற்றுவதாக இருந்தால்

ஜாயிண்ட் நான்கைந்துக்கு மேல் இருந்தால் ஒட்டுப் போடுவதை விட்டுவிடுங்கள். ஏழு கோர் கேபிள், ஃபிளெக்ஸிபிள் குழாய், புது பிளக் செட், இரண்டு விளக்கு செட் என்று சாமான் சுமார் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு. கூலி எண்ணூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை கேட்பார்கள். காலையில் விட்டால் சாயங்காலம் எடுக்கலாம். சீசன் நேரத்தில் எலக்ட்ரீசியன் கிடைப்பதே கஷ்டம். வெட்டு உத்தரவு வருவதற்கு முன்பே ஐப்பசியில் முடித்துக்கொள்ளுங்கள்.

கூலி பேசும்போதே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, எர்த் தனி ஒயரா வரணும், சேசிஸை நம்பக் கூடாது. நடுவுல ஜாயிண்ட் வேண்டாம். பெயிண்டைத் தேய்ச்சிட்டு லக் போடுங்க." வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். பில்லை வாங்கி வையுங்கள்.

11. எஃப்.சி.யும் காகிதங்களும்

டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு, தனி நம்பர் உண்டு. பின்னால் எழுதியிருப்பது டிரெய்லரின் நம்பரா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் டிராக்டர் நம்பரோடு டிரெய்லர் நம்பரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏஜென்ட்டிடம் சொல்லி உடனே சேருங்கள். விபத்து நடந்த பிறகு சேர்க்க முடியாது, அந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும்.

வாடகைக்கு ஓட்டும் போக்குவரத்து வண்டியாகப் பதிவு செய்திருந்தால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன்பின் வருடா வருடம். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் அரசின் பரிவாகன் இணையதளத்தில். எஃப்.சி. சோதனையில் விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். நம்பர் பிளேட் விளக்கையும் பார்ப்பார்கள், பலர் மறப்பது அதைத்தான். 15 மீட்டரில் நின்று நம்பரைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

எஃப்.சி.க்கு முந்தின நாள் விளக்கைச் சரிசெய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பே முடித்து, லோடு ஏற்றி இரண்டு மூன்று நடை ஓட்டிப் பாருங்கள். குலுக்கலில் நிற்காத வேலை அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், திருப்பிக் கொண்டுபோய்க் கேட்கவும் நேரம் இருக்கும். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாவற்றையும் (போட்டோ எடுத்து ஏற்றாமல்) அரசின் டிஜிலாக்கர் செயலியிலேயே துறைப் பதிவிலிருந்து எடுத்து வைத்தால் ரோட்டில் நிறுத்தும்போது போனில் காட்டினால் போதும், செல்லுபடியாகும்.

12. லோடு ஏற்றிய பிறகு ஒரு முறை பின்னால் போய்ப் பாருங்கள்

எல்லாம் எரிந்தும் பயனில்லாமல் போகும் இடம் ஒன்று இருக்கிறது. கரும்போ வைக்கோலோ பின்பலகையைத் தாண்டி நீண்டு, தோகை தொங்கி, விளக்கை மூடிவிடும். களத்தில் நிற்கும்போது யாரும் கவனிப்பதில்லை. இருட்டின பிறகு நூறு, நூற்றைம்பது அடி நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். இரண்டு சிவப்பும் தெரியவில்லை என்றால் தோகையை வெட்டுங்கள்.

அடிக்கடி நீள லோடு ஏற்றுகிறவர்கள், கழற்றி மாட்டும் விளக்குப் பலகை ஒன்று செய்துகொள்ளலாம். ஒரு மரச்சட்டத்தில் இரண்டு பின் விளக்கு, நம்பர் பிளேட், சிவப்பு ஒளிரும் பட்டை. ஏழு கோர் கேபிளில் நீளமான ஒயர், டிரெய்லர் பின்னால் ஒரு கூடுதல் சாக்கெட். கரும்பின் கடைசி நுனியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் விளக்கு லோடின் விளிம்பிலேயே இருக்கும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் செய்யலாம். இதிலும் எர்த் ஒயர் தனியாகவே வரட்டும். மரச்சட்டத்தில் வேறு வழியும் இல்லை.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: 21/5 வாட் பல்பு இரண்டு, 21 வாட் இரண்டு, ஃபியூஸ் நான்கைந்து, இன்சுலேஷன் டேப், டெஸ்ட் லாம்ப், பேட்டரியில் ஓடும் சிவப்பு மின்னும் விளக்கு ஒன்று. நடுவழியில் விளக்கு நின்றுவிட்டால் அந்த மின்னும் விளக்கைப் பின்னால் கட்டி, ரோட்டை விட்டு முழுசாக இறக்கி நிறுத்திவிட்டுப் பிறகு பிளக்கைத் திறந்து பாருங்கள்.